பாட்டாவின் வைடூரிய மோதிரம்: கல்லை அறிவதும் பேணுவதும்

கேள்வி கேட்டவர் மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவே குடியிருப்பவர். பாட்டா காலமான பிறகு, அவர் விரலில் எப்போதும் கிடந்த கல் மோதிரம் இவர் கைக்கு வந்திருக்கிறது. தேன் நிறக் கல், நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. தங்கம் நன்றாகத் தேய்ந்து, கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிகளில் ஒன்று போயே விட்டது. கல்லின் மேல்பக்கத்தில் மட்டும் கீறல் எதுவும் தெரியவில்லை என்கிறார். நகைக்கடையில் காட்டியபோது, "பூனைக்கண்தான், ஆனால் அசல் வைடூரியமா என்று எங்களால் சொல்ல முடியாது" என்று கையை விரித்துவிட்டார்களாம். ஜோதிடரோ, "கேது தசை நடக்காதவர் இதைத் தொடவே கூடாது, அதிலும் இறந்தவர் போட்ட கல் வேண்டவே வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார். இது என்ன கல், இதன் வரலாறு என்ன, ஆண்கள் ஏன் இதை விரும்பிப் போட்டார்கள், அன்றாடம் அணியலாமா, எப்படிப் பேணுவது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார்.

கற்களைத் தரம் பிரிப்பதே என் பிழைப்பு. ஆகவே கிரகத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுக் கல்லிலிருந்து தொடங்குகிறேன். தம்பி, நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது அந்தக் கீறல் விஷயம்தான். நம்மைச் சுற்றிப் பறக்கும் தூசியில் மணல்துகளும் உண்டு, அதாவது குவார்ட்சு. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அது 7. கண்ணாடி ஏறக்குறைய 5 முதல் 6. எனவே ஆண்டுக்கணக்கில் விரலில் கிடந்த கண்ணாடிக் கல் நிச்சயம் மங்கியிருக்கும். குவார்ட்சுக் கல்லும் மேட்டுப் பகுதியில் சொரசொரத்திருக்கும். அசல் வைடூரியத்தின் கடினம் 8.5. மணல் அதை ஒன்றும் செய்யாது. தங்கம் தேய்ந்தும் கல் தேயாமல் இருக்கிறது என்றால் அது நல்ல அறிகுறி. ஆனால் அறிகுறிதான், தீர்ப்பு அல்ல.

அசல் வைடூரியம் என்பது கிரைசோபெரில் என்ற கனிமம். பெரிலியமும் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது. அது வளரும்போது உள்ளே முடியை விட மெல்லிய ஊசிகளோ நுண்குழல்களோ ஆயிரக்கணக்கில் ஒரே திசையில் அணிவகுத்து நின்றுவிட்டால், அந்தக் கல்லில் கண் பிறக்கும். பட்டு நூல் சுற்றிய கண்டை விளக்கடியில் பிடித்தால் நூலுக்குக் குறுக்காக ஒரு ஒளிக்கோடு ஓடுமே, அதேதான் இங்கும் நடக்கிறது. ஊசிகள் ஒரு திசையில், கண் அதற்குச் செங்குத்தாக. இந்தக் கல்லைப் பட்டை தீட்ட மாட்டார்கள். அடி தட்டையாகவும் மேல்பக்கம் குமிழாகவும் சாணை பிடிப்பார்கள். அடித்தளம் ஊசிகளுக்கு இணையாக அமைய வேண்டும். கொஞ்சம் சாய்ந்தால் கண் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். நீள்வட்டக் கல்லில் கண் நீளவாக்கில் நடுவில் ஓட வேண்டுமானால் ஊசிகள் அகலவாக்கில் கிடக்குமாறு வெட்டுகிறவன் பார்த்து வைக்க வேண்டும். ஆகவே வைடூரியத்தின் மதிப்பில் பாதி மண் கொடுத்தது என்றால் மீதிப் பாதி சாணைக்காரன் கொடுத்தது.

பூனைக்கண் போடும் கனிமங்கள் வேறு பல உண்டு. குவார்ட்சு, சிலிமனைட், அபடைட், டூர்மலின் என்று வரிசையாகச் சொல்லலாம். போதாததற்கு ஒளியிழைக் கண்ணாடியில் செய்த போலிகளும் பெட்டி பெட்டியாக வருகின்றன. ஆந்திரத்திலும் ஒடிசாவிலும் கிடைக்கும் சிலிமனைட் பூனைக்கண் பார்வைக்கு அழகானது, விலை மிகவும் மலிவு. அதை வைடூரியம் என்று சொல்லித் தள்ளிவிடுவது நம் சந்தையில் சாதாரணமாக நடக்கிறது. நகைக்கடைக்காரர் தெரியாது என்று சொன்னதை நான் குறையாக நினைக்கவில்லை. கண்ணால் பார்த்த மாத்திரத்தில் "அசல்தான்" என்று அடித்துச் சொல்கிறவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடியதைச் சொல்கிறேன். அறையை இருட்டாக்கிக் கைப்பேசி விளக்கை மட்டும் கல்லுக்கு நேர்மேலே பிடியுங்கள். குழல் விளக்கு வெளிச்சத்தில் கண் பரவி மழுங்கிப் போகும். ஒற்றைப் புள்ளி ஒளியில்தான் அதன் உண்மையான முகம் தெரியும். கோடு இரண்டு முனைகளையும் தொடுகிறதா, நடுவில் உடைகிறதா, மோதிரத்தைச் சாய்த்தால் வழுக்கிக்கொண்டு போகிறதா, தத்திக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டு விளக்குகளை இரு பக்கமும் வைத்துக் கல்லை மெல்லத் திருப்புங்கள். நல்ல கல்லில் கோடு இரண்டாகப் பிரிந்து விரியும், மறுபடி ஒன்றாகச் சேரும். கண் திறந்து மூடுகிறது என்று சொல்வது இதைத்தான். கடைசியாக, விளக்கைக் கோட்டுக்குப் பக்கவாட்டில் கொண்டுபோங்கள். ஒளி படும் பாதி தேனாகவும் அப்பால் உள்ள பாதி பாலாகவும் பிரிந்து தெரிந்தால் மகிழலாம். பாலும் தேனும் சேர்ந்த கல்லுக்குத்தான் சந்தையில் முதல் மரியாதை.

இத்தனையும் அழகைச் சொல்லும். அசலா என்பதை முழுதாகச் சொல்லாது. ஒளியிழைக் கண்ணாடியில் கண் கத்தி முனையால் கிழித்தது போலக் கூர்மையாக இருக்கும். அந்தக் கூர்மையே சந்தேகத்துக்கு இடம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துக் கல்லின் பக்கவாட்டைப் பார்த்தால் இழைகளின் முனைகள் தேனடை அறைகளாக வரிசையில் நிற்கும். அப்படித் தெரிந்தால் அது கண்ணாடி, அதற்கு மேல் பேச்சில்லை.

உங்கள் மோதிரத்தில் கொக்கி போய்விட்டதால் எப்படியும் கல்லைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அந்தச் சமயத்தில் ஒரு சோதனை செய்துவிடுங்கள். இதற்கு 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு போதும். முதலில் கல்லை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துத் தராசில் ஏற்றி, எண்ணைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். மெல்லிய நூலில் கல்லைக் கட்டி, அடியையும் ஓரத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் தொங்க விடுங்கள். கல்லில் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் தட்டி விடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் கல்லின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைப் போல அது எத்தனை மடங்கு கனம் என்பது, கிடைக்கும். கிரைசோபெரிலுக்கு அது 3.73 அளவில் இருக்கும். சிலிமனைட் 3.25 பக்கம், குவார்ட்சு 2.65. ஒரு கிராம் கல், அதாவது 5 கேரட், என்று வைத்துக்கொண்டால் தராசு முறையே 0.27, 0.31, 0.38 என்று காட்டும். குவார்ட்சு என்றால் உடனே தெரிந்துவிடும். சிலிமனைட்டுக்கும் வைடூரியத்துக்கும் இடைவெளி குறைவு, அதனால் மூன்று நான்கு முறை செய்து பார்க்க வேண்டும். கல் ஒரு கிராமுக்கும் குறைவு என்றால் இந்தத் தராசை நம்ப வேண்டாம்.

தராசு சாதகமாகச் சொன்னால் மட்டும் பரிசோதனைக்கூடத்துக்குச் செலவு செய்யுங்கள். ஜெய்ப்பூரில் அதற்கென்றே பழைய கூடம் இருக்கிறது. பெருநகரங்களிலும் உண்டு. அவர்கள் ஒளிவிலகல் எண்ணை, அதாவது கல்லுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை, பார்ப்பார்கள். கிரைசோபெரிலுக்கு 1.75, குவார்ட்சுக்கு 1.54 அளவில் வரும், அங்கே தடுமாற்றத்துக்கு வழியில்லை. சான்றிதழ் கைக்கு வந்ததும் கல்லின் இனம் என்ற இடத்தில் கிரைசோபெரில் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இனத்தைச் சொல்லாமல் "இயற்கையான பூனைக்கண்" என்று மட்டும் அச்சடித்த பளபளப்பு அட்டைகளைப் பல கடைகளில் கொடுக்கிறார்கள். குவார்ட்சும் இயற்கையானதுதான், அதுவும் பூனைக்கண்தான். அட்டை பொய் சொல்லவில்லை, உண்மையையும் சொல்லவில்லை.

இன்னொரு வேலையும் இருக்கிறது, அதற்குக் காசு செலவில்லை. கல்லைப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறையும், இரவில் குத்துவிளக்குச் சுடரிலோ பழைய மஞ்சள் பல்பிலோ ஒருமுறையும் பாருங்கள். பகலில் பச்சையாகவும் விளக்கில் சிவப்பாகவும் நிறம் மாறினால் அது கிரைசோபெரிலின் இன்னொரு வகையான அலெக்சாண்டிரைட். உள்ளே சிறிதளவு குரோமியம் கலந்ததால் வரும் குணம் அது. பூனைக்கண்ணும் நிறமாற்றமும் ஒரே கல்லில் சேர்ந்து வருவது மிக அரிது. தேன் நிறம் என்று நீங்கள் எழுதியிருப்பதால் அந்த வாய்ப்பு குறைவு. ஆனாலும் பார்த்துவிடுவதில் நஷ்டம் இல்லை.

அலெக்சாண்டிரைட்டைச் சும்மா இழுக்கவில்லை. உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் அதுவும் வைடூரியமும் மண்ணிலிருந்து கிடைத்திருக்கின்றன. திருவனந்தபுரம் மாவட்டத்தில் பாலராமபுரம், நெடுமங்காடு, வெஞ்ஞாறமூடு வட்டாரங்கள் கிரைசோபெரிலுக்குப் பெயர் பெற்றவை. தென் கேரளத்தின் அடிப்பாறை அலுமினியம் மிகுந்த கொண்டலைட். அதன் வெடிப்புகளில் பெக்மடைட் என்ற கரடுமுரடான பாறை நுழைந்திருக்கிறது, பெரிலியத்தைக் கொண்டுவந்தது அதுதான். இரண்டும் சந்தித்த இடத்தில் இந்தக் கல் விளைந்தது. பாறை காலப்போக்கில் மக்கிச் செம்மண்ணாக, மழை அதைக் கழுவிக் கொண்டுபோய் ஓடைப் படுகையில் சேர்த்தது. கிழக்குத் தொடர்ச்சி மலையிலும் இதே பாறை இருப்பதால் விசாகப்பட்டினம், நர்சிபட்டினம் பக்கமும் இந்தக் கற்கள் கிடைக்கின்றன. காட்டோரத்தில் திருட்டுத்தனமாகக் குழி தோண்டிப் பிடிபட்டவர்கள் பற்றிய செய்தி திருவனந்தபுரம் பக்கத்திலிருந்து அவ்வப்போது வரும். "நெடுமங்காட்டுக் கல், நேராகக் குழியிலிருந்து" என்று சொல்லி யாராவது கைக்குள் மறைத்துக் காட்டினால் விலகி வந்துவிடுங்கள். அது போலியாக இருந்தால் பணம் போகும், அசலாக இருந்தால் வழக்கு வரும்.

உங்கள் பாட்டாவின் கல் அங்கிருந்து வந்ததா, இலங்கையிலிருந்து வந்ததா என்று என்னால் சொல்ல இயலாது, கூடம் சொல்வதும் எளிதல்ல. உங்கள் பக்கத்து விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 வரை, முதலில் திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தவை. உங்கள் பாட்டா இளைஞராக இருந்தபோது நெடுமங்காட்டுக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே மாநில எல்லை கிடையாது. கல் அந்தப் பக்கம் கிடைத்து, மோதிரம் இந்தப் பக்கம் நாகர்கோவில் வடசேரியில் செய்யப்பட்டிருந்தால் அதில் வியப்பு இல்லை. மறுபக்கம், நல்ல பூனைக்கண் என்றால் உலகமே இலங்கையைத்தான் கைகாட்டும். இரத்தினபுரிப் பக்கம் வயலுக்கு அடியில் இல்லம் என்று அவர்கள் சொல்லும் சரளைப் படுகையைத் தோண்டிக் கழுவி எடுக்கிறார்கள். கடல் தாண்டிக் கல் வருவதும் பழைய வழக்கம்தான்.

நம் இலக்கியத்தில் இது எவ்வளவு பழையது என்று கேட்டால், சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையைப் பார்க்கச் சொல்வேன். மதுரையின் இரத்தினக் கடைத்தெருவில் ஒன்பது மணிகளையும் குற்றம் குணம் பிரித்துச் சொல்லிக்கொண்டே போகும் இடம் அது. வைடூரியத்துக்கு அங்கே தெளிந்த தேனின் நிறம் சொல்லப்படுகிறது. பாலும் தேனும் என்று இன்று வியாபாரி சொல்லும்போது எனக்கு அந்த வரிதான் நினைவுக்கு வரும். ஆனால் பழைய ஏடுகளில் வைடூரியம் என்று கண்ட இடமெல்லாம் இந்தக் கல்தான் என்று எண்ணிவிடக் கூடாது. கொங்கு நாட்டுப் படியூர்ப் பக்கத்தில் எடுத்து ரோமானியர்களுக்கு விற்ற கடல்நிறக் கல் பெரில் என்ற வேறு கனிமம். அதற்கும் அந்தக் காலத்தில் இதே பெயர்தான்.

ஐரோப்பாவில் இதன் மவுசு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஏறியது. விக்டோரியா அரசியின் மகன்களில் ஒருவரான கன்னாட் கோமகன் 1879இல் மணமுடித்த பிரஷ்ய இளவரசிக்குப் பூனைக்கண் பதித்த மோதிரத்தை நிச்சயதார்த்தப் பரிசாகக் கொடுத்தார். அதன் பிறகு இலங்கைக் கல்லுக்குக் கிராக்கி கூடியது. ஆண்கள் கழுத்துப்பட்டை ஊசியிலும் சட்டைக்கைப் பொத்தானிலும் இதை வைத்துக்கொண்டார்கள். ஜப்பானில் ஆண்கள் மோதிரத்துக்கு விரும்பித் தேடிய கற்களில் இதுவும் ஒன்று.

ஆணின் கைக்கு இந்தக் கல் ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் எளியது. இது மினுக்காது. வைரம் சும்மா இருக்கும் கையிலும் பளிச்சிட்டுக்கொண்டே இருக்கும். வைடூரியம் கை அசைந்தால் மட்டும் ஒரு கோட்டை நகர்த்திக் காட்டிவிட்டு அடங்கிவிடும். நகை போட்டிருக்கிறோம் என்று பறைசாற்றக் கூச்சப்படும் ஆண்கள் நம் ஊரில் எப்போதும் அதிகம். கடுக்கன் போட்ட தலைமுறை போய்ச் சங்கிலியும் மோதிரமும் மட்டும் மிஞ்சிய காலத்தில், சமயக் காரணமும் சொல்லிக்கொண்டு அணியக்கூடிய அடக்கமான கல்லாக இது வாய்த்தது. தவிர, குமிழாக இருப்பதால் கூர்மையான விளிம்பு கிடையாது, வேலை செய்யும் கைக்கு உறுத்தாது.

இனி கேதுவுக்கு வருவோம். நவக்கிரகங்களில் ராகுவுக்குக் கோமேதகம், கேதுவுக்கு வைடூரியம் என்பது வழக்கு. கேதுவின் தானியம் கொள்ளு, ஆடை பல வண்ணம், காரகம் ஞானமும் மோட்சமும். நவரத்தின மோதிரத்தில் மாணிக்கம் நடுவில் இருக்க, வைடூரியத்துக்கு வடமேற்கு மூலை. அசுவினி, மகம், மூலம் ஆகிய மூன்று நட்சத்திரங்களில் பிறந்தவர்களுக்கு வாழ்க்கை கேது தசையில் தொடங்குகிறது. தசைக் கணக்கு மொத்தம் 120 ஆண்டு, அதில் கேதுவின் பங்கு 7. கேது சர்ப்ப வடிவினர் என்பதால் நாகர்கோவில் நாகராஜா கோவிலுக்குக் கல்லைக் கொண்டுபோய் வணங்கிய பிறகு விரலில் போடுகிறவர்கள் எல்லைக்கு இரு பக்கமும் இருக்கிறார்கள். சோழநாட்டில் கேதுவின் தலமாகிய கீழப்பெரும்பள்ளத்துக்குப் போகிறவர்களும் உண்டு. இதை விடவும் பரவலாக உள்ள நம்பிக்கை கண்ணேறு. கண்ணுக்குக் கண்ணே காவல் என்ற எண்ணம் இலங்கையிலும் இங்கும் இந்தக் கல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. களியக்காவிளை தாண்டினால் பூச்சக்கண்ணு என்று கேட்டு வாங்குகிறவர்களில் தொழில் தொடங்கியிருக்கும் ஆண்களே மிகுதி. கேட்டால் திருஷ்டி என்பார்கள்.

ஜோதிடரோடு எனக்கு வழக்கில்லை. நம்பிக்கை உங்கள் வீட்டு விஷயம். எந்த விரல், எந்த உலோகம் என்பதில் ஜோதிடர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து கிடையாது. நடுவிரல் என்பார் ஒருவர், மோதிரவிரல் என்பார் மற்றவர். வெள்ளி, தங்கம், பஞ்சலோகம் என்று அதிலும் மூன்று கட்சி. ஆனால் "பிறர் போட்ட கல்லைப் போடாதே" என்ற அறிவுரை கேட்கும்போது மட்டும் எனக்குச் சுருக்கென்று வரும். அந்த விதி யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள். பழைய கல்லைத் தோஷம் என்று அரை விலைக்கு வாங்கி, அதையே மெருகேற்றிப் புதுக்கல் என்று அடுத்தவருக்கு விற்றால் கல்லுக்குத் தெரியப்போகிறதா? பூமியில் அதன் வயது கோடிக்கணக்கான ஆண்டுகள். அரண்மனைகளிலும் கோவில்களிலும் நவரத்தின நகைகள் தலைமுறை தலைமுறையாகக் கைமாறித்தான் வந்திருக்கின்றன. உங்கள் மனம் உறுத்தினால் ஒரு கோவிலில் வைத்து எடுத்துவிட்டுப் போடுங்கள். உறுத்தாவிட்டால் அப்படியே போடுங்கள்.

அன்றாடம் அணியலாமா என்றால், கல்லைப் பொறுத்தவரை தாராளமாக அணியலாம். கடினம் மட்டுமல்ல, உறுதியும் உள்ள கல் இது, எளிதில் பிளக்காது. வெயிலில் நிறம் மங்காது. வியர்வை, உப்புத் தண்ணீர், சோப்பு எதுவும் தொடாது. பலவீனம் முழுக்க மோதிரத்தில்தான். 22 கேரட் தங்கத்தில் மெல்லிய கொக்கிகள் வைத்தால் அவை தேய்ந்து திறந்துகொள்ளும். உங்கள் பாட்டாவின் மோதிரத்துக்கு நேர்ந்ததும் அதுவே. கல்லைச் சுற்றித் தங்க விளிம்பை மடித்துக் கட்டுவதே ஆண்களின் மோதிரத்துக்கு ஏற்றது. கொக்கிதான் வேண்டும் என்றால் 18 கேரட்டில் தடிமனாக வைக்கச் சொல்லுங்கள். கல்லின் உயரத்தையும் பாருங்கள். எடையைக் கூட்டிக் காட்டுவதற்காகக் கல்லின் அடியில் தேவையில்லாத தொந்தியை விட்டுவைக்கும் பழக்கம் உண்டு. அந்தக் கல் மோதிரத்தில் எழும்பி நின்று, கதவிலும் பைக் கைப்பிடியிலும் முட்டிக்கொண்டே இருக்கும்.

கல் விரலைத் தொட வேண்டும் என்று அடிப்பக்கத்தைத் திறந்து விடுவது நம் வழக்கம். அதனால் சோப்பும் அழுக்கும் மாவும் உள்ளே போய் அப்பிக்கொள்ளும். வைடூரியம் அரைகுறையாக ஒளி ஊடுருவும் கல். பின்னால் அழுக்குப் படிந்தால் முன்னால் தேன் நிறம் சாம்பல் தட்டும். "கல் ஒளியிழந்துவிட்டது, தோஷத்தை வாங்கிக்கொண்டது" என்று பதறி என்னிடம் கொண்டுவருகிறவர்களுக்கு நான் முதலில் செய்து காட்டுவது பின்பக்கக் குளியல்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு துளி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம், அதில் கால் மணி நேரம் மோதிரம், பிறகு குழந்தைகளுக்கான மென்மையான பல்துலக்கியால் அடிப்பக்கத் துளை வழியாகத் தேய்த்தல், நல்ல தண்ணீரில் அலசல், பருத்தித் துணியில் ஒற்றி எடுத்தல். வாரம் ஒருமுறை செய்தால் போதும். வாஷ்பேசினில் மட்டும் செய்யாதீர்கள். கழன்ற கல் குழாய்க்குள் போனால் திரும்ப வராது.

பழைய மோதிரத்தின் அடிப்பக்கம் தகடு வைத்து மூடியிருந்தால் இந்தக் குளியல் கூடாது. வடசேரிக் கோவில் நகை வேலையில் கல்லுக்குப் பின்னால் மெல்லிய தகடும் அரக்கும் வைப்பது உண்டு. அரக்கு சூட்டில் இளகும், தகட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் கறுக்கும். அத்தகைய மோதிரத்தை ஈரத் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நவரத்தின மோதிரம் வைத்திருப்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அங்கே வைடூரியத்தின் வலிமையைக் கணக்கில் எடுக்கக் கூடாது, முத்தின் பலவீனத்தைத்தான் எடுக்க வேண்டும். முத்தின் கடினம் 2.5 அளவு, பவளம் 3.5 பக்கம். இரண்டும் சுண்ணாம்புச் சத்து. வெள்ளிப் பாத்திரத்தோடு சேர்த்து நவரத்தின மோதிரத்தையும் புளி போட்டுத் தேய்த்து, முத்தின் தோலையே உரித்துவிட்ட வீடுகளை அறிவேன். புளி, எலுமிச்சை, வினிகர் மூன்றுமே அதற்கு விஷம். மரகதத்தின் வெடிப்புகளில் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், வெந்நீரிலும், நகையைச் சுத்தம் செய்யும் மீயொலி இயந்திரத்திலும் அது வெளியேறிவிடும். கடையில் "அஞ்சே நிமிடம், மிஷினில் போட்டுத் தருகிறோம்" என்றால் தனி வைடூரியத்துக்குச் சரி சொல்லலாம், அதுவும் வெடிப்பில்லாத கல்லுக்கு. நவரத்தினத்துக்கு வேண்டாம்.

நம் பக்கத்துக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. ரப்பர் தோட்டத்தில் புது இலை துளிர்க்கும் பருவத்தில் நோய்க்குக் கந்தகத் தூள் அடிப்பார்கள். அந்த வேலைக்குப் போய் வந்தால் வெள்ளி மோதிரம் கறுத்துவிடும், பஞ்சலோகமும் நிறம் மாறும். கல் கெட்டுவிட்டது என்று யாரும் பயப்பட வேண்டாம், கறுத்தது உலோகம். நகைக்கடை மெருகுத் துணியால் துடைத்தால் சரியாகும். குளோரின் கலந்த சலவைத் தூள் தங்கத்தின் பற்றவைப்பு இணைப்புகளை அரிக்கக் கூடியது. துவைக்கும்போதும் தண்ணீர்த் தொட்டி கழுவும்போதும் மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். கழற்றிய மோதிரத்தை வீட்டுப் பெண்களின் வைரத்தோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள். மணலுக்கு மசியாத வைடூரியத்தை வைரமும் மாணிக்கமும் நீலமும் கீறிவிடும். சிறு துணிப்பை போதும்.

கல்லின் மேல் தேங்காய் எண்ணெய் தடவுவது பலர் செய்யும் வேலை. உடனே பளபளக்கும் என்பது உண்மை. சிறு வெடிப்புகளும் மறைந்துவிடும் என்பதால் விற்பவர்கள் அதை விரும்பிச் செய்வார்கள். அணிகிறவருக்கு அதனால் தூசி ஒட்டுவதைத் தவிர ஒரு பயனும் இல்லை. வாங்கப் போகிற கல் வழுவழுவென்று ஈரமாகத் தெரிந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காட்டச் சொல்லுங்கள்.

புதிதாக வாங்க நினைக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நிறத்தை அடர்த்தியாக்கக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய அடர்பழுப்புப் பூனைக்கண் கற்கள் 1997இல் பாங்காக் சந்தையில் வந்து, அவற்றில் கதிரியக்கம் மிஞ்சியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. வழக்கத்துக்கு மாறான சாக்லேட் நிறத்தில் மலிவாகக் கிடைத்தால் ஆசைப்பட வேண்டாம்.

உங்கள் மோதிர வேலைக்கு வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ கல் கட்டுவதில் கை தேர்ந்த ஆசாரியைப் பிடியுங்கள். தங்கம் உருக்கும் எல்லோரும் கல் கட்டத் தெரிந்தவர்கள் அல்லர். உங்கள் விரலுக்கு அளவு மாற்றப் பற்றவைக்க வேண்டியிருக்கும். கல்லை வைத்துக்கொண்டே நெருப்புக் காட்டச் சம்மதிக்காதீர்கள். கிரைசோபெரில் சூடு தாங்கும் என்றாலும் உள்ளே வெடிப்பிருந்தால் அது நீளும். "மேல்பக்கத்தைக் கொஞ்சம் சாணை பிடித்தால் கண் பளிச்சென்று வரும்" என்று சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். குமிழின் வளைவு மாறினால் கண் இடம் மாறும், எடையும் குறையும்.

கல்லைக் கழற்றும்போது எதிரிலேயே உட்கார்ந்திருங்கள். கழற்றியதும் எடை போட்டு, அடிப்பக்கத்தையும் பக்கவாட்டையும் கைப்பேசியில் படம் எடுத்து, ரசீதில் எடையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மோதிரம் தயாரானதும் கல்லைக் கட்டுவதற்கு முன்பே போய், அதே தராசில் மறுபடி எடை பார்த்து, கண்ணின் கோடு விரலின் வாக்கில் வர வேண்டுமா, குறுக்கே வர வேண்டுமா என்று ஆசாரியிடம் சொல்லுங்கள். பழைய மோதிரத்தில் எப்படி இருந்ததோ அப்படியே கேட்டால் போதும் என்பது என் கருத்து.